மாசியில் குமரி: தண்ணீர்ப் பந்தல்களின் வழியே

செவ்வாய், முன்சிறை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முக்கடலையும் விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவரையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். இந்த முறை நான் முனைக்குப் போகப்போவதில்லை. மாசி மாதத்தில் இந்த மாவட்டத்தின் உள்ளூர்களில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சிவாலய ஓட்டம், மண்டைக்காட்டு அம்மன் கோயிலின் கொடைத் திருவிழா, அய்யா வைகுண்டரின் அவதார தினம் மூன்றும் இந்த மாதத்தில்தான். இவ்வாண்டு ரமலான் பிறையும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் அதே நாட்களை ஒட்டி வந்து சேர்ந்திருக்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.2. தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இரு சமயத்தார் இப்படிச் சரிபாதியாக வாழவில்லை. மதில் ஒட்டிய வீடுகள், ஒரே சந்தை, ஒரே பஸ். இவர்கள் கூடி வேலை செய்வது எப்படி, அதில் அவரவர் நம்பிக்கைக்கு என்ன பங்கு என்று அருகிலிருந்து பார்க்கவே வந்தேன். எங்கள் ஊர் குன்றக்குடிக்குப் பக்கம். 1982இல் அந்த ஊர்ச் சைவ மடத்தின் தலைவர் அடிகளார் இங்கே வந்து செய்த வேலையை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அதை மண்டைக்காட்டுக்குப் போகும்போது எழுதுகிறேன்.

மாலை ஐந்து மணிக்கு முன்சிறை திருமலை மகாதேவர் கோயில் முன்னால் காவி வேட்டிகளாகத் தெரிந்தன. நாளை சிவராத்திரி. இங்கே புறப்பட்டு, இரவும் பகலுமாகப் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் ஓடியே தரிசித்து, திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும். ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்கிறார்கள். கையில் ஓலை விசிறி. ஒவ்வொரு கோயிலிலும் குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு உள்ளே போய், சுவாமிக்கு அந்த விசிறியால் வீசுகிறார்கள். விசிறிக் காம்பில் இரண்டு சிறு துணிப்பைகள்: ஒன்றில் திருநீறு, மற்றொன்றில் வழிச்செலவுக் காசு.

போவது சிவன் கோயிலுக்கு, போடும் குரலோ "கோவிந்தா! கோபாலா!" புருஷாமிருகம் என்ற தீவிர சிவபக்தப் பிறவியைத் தருமரின் யாகத்துக்கு அழைத்துவர பீமன் போகிறான். கண்ணன் அவனிடம் பன்னிரண்டு உருத்திராட்சங்களைக் கொடுத்தனுப்புகிறான். கோவிந்தா என்ற பெயரைக் கேட்டதும் அது சினந்து துரத்துகிறது. பீமன் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போட, அது லிங்கமாகிறது, துரத்தியது நின்று பூசை செய்கிறது, பீமன் ஓடுகிறான். இப்படிப் பன்னிரண்டு இடங்கள். கடைசியில் அரியும் அரனும் ஒன்று என்று இருவரும் அறிகிறார்கள். சைவ வைணவப் பிணக்கைத் தீர்க்க இந்த மண் கண்டுபிடித்த வழி ஓட்டம்! ஒருவரும் தம் தெய்வத்தை விட்டுவிடவில்லை, கூடவே இன்னொரு பெயரையும் வாயாரச் சொல்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

புதன், திக்குறிச்சி முதல் திருநட்டாலம் வரை

ஓட என்னால் ஆகாது. தக்கலையில் இருக்கும் தோழியின் தம்பி ஆட்டோ ஓட்டுகிறார். அவரோடு கோயில் கோயிலாகத் தொடர்ந்தேன். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிகோடு என்று ரப்பர்த் தோட்டங்களுக்கும் வாழைத் தோப்புகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிறது பாதை. கோயில்களைப் பற்றித் தனித்தனியாக எழுதப்போவதில்லை. நான் பார்க்க நினைத்தது சாலையை.

வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். சுக்கு நீர், மோர், பானகம், கஞ்சி, பயறு, அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகுத் துவையல். திற்பரப்புக்குப் போகும் சாலையில் ஒரு சிறிய தேவாலயத்தின் வாசலில் போட்டிருந்த பந்தலில்தான் அதிக நேரம் இருந்தேன். தேவாலயப் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிழங்கு வெட்டியிருக்கிறார்கள். தோலைக் கீறி உரித்து, நடு நரம்பை உருவி, தண்ணீர் மாற்றி மாற்றி அவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். ஓடி வருகிறவனின் வயிற்றுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மஞ்சள் போட்டு மறுபடியும் ஒரு கொதி விட்டதாக ஓர் அக்கா சொன்னார்.

கிழங்கு இருந்த பெரிய வார்ப்பைப் பார்த்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பக்கத்து அம்மன் கோயிலின் பெயர். சற்றுத் தள்ளி இருந்த அண்டாவில் தேவாலயத்தின் பெயர். பந்தலைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "எங்கள் அசன விருந்துக்கு அவர்கள் வார்ப்பு வரும், அவர்கள் கொடைக்கு எங்கள் அண்டா போகும். நோட்டில் எழுதித்தான் கொடுப்போம், எழுதித்தான் வாங்குவோம். கரண்டி ஒன்று குறைந்தாலும் கேட்போம், மக்களே" என்றார். அந்த நோட்டையும் காட்டினார். இரு தரப்பிலும் கையெழுத்து. தேதி, எண்ணிக்கை, திருப்பித் தந்த நாள். நெளிந்து வந்த சட்டுவத்துக்குக்கூட ஒரு குறிப்பு.

வேற்றுமதத்தாரின் ஓட்டத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். பெரியவருக்கு என் கேள்வி பிடிக்கவில்லை. "தாகமாய் வருகிறவனுக்குத் தண்ணீர் கொடு என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. ஓடி வருகிறவன் யார் பிள்ளை என்று கேட்டுவிட்டா வெள்ளம் கொடுப்பது?" அவர் தம் வேதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். எல்லா மதமும் ஒன்று என்ற பேச்சு அவர் வாயில் வரவே இல்லை. தம் கர்த்தர் சொன்னதைச் செய்கிறார். அதன் பயன் கோவிந்தனுக்குப் போகிறது. நம்பிக்கையைத் தளர்த்திக்கொண்டால்தான் மற்றவரோடு சேர முடியும் என்று நகரத்தில் பலர் நினைக்கிறார்கள். இந்தப் பந்தலில் நான் கண்டது நேர்மாறானது.

இரவு திருநட்டாலத்தில் ஓட்டம் முடியும் இடத்தில் நின்றேன். கால் கொப்புளித்த பையன்கள் விசிறியை மார்போடு அணைத்துக்கொண்டு சங்கரநாராயணர் முன் விழுந்து வணங்கினார்கள்.

வியாழன், நட்டாலம்

அதே ஊரில்தான் தேவசகாயமும் பிறந்தார். நேற்று ஓட்டம் முடிந்த இடத்திலிருந்து இன்று அங்கே போனேன். 1712 ஏப்ரல் 23இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரி. 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைத்தளபதியாகவே உயர்ந்த டச்சுக்காரர் டிலனாயின் நட்பால் கிறிஸ்துவை அறிந்தார். துயரத்தில் இருந்த நண்பனுக்கு டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னதாகச் சொல்கிறார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. தாழ்த்தப்பட்டவர்களோடு அமர்ந்து உண்டது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. சாதியை உடைத்து வாழ்ந்தவர் பெயரோடு சாதிப் பட்டம் வேண்டாம் என்று எழுந்த கோரிக்கையை ஏற்று வத்திக்கானும் அதை நீக்கியது. அது நியாயமான கோரிக்கை.

இந்தக் கதையில் எளிதில் கடந்துபோக முடியாத ஒரு வலி இருக்கிறது. மதம் மாறியதற்காகவும் சமமாக உண்டதற்காகவும் ஓர் அரசு ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறது. குமரியின் மத நல்லிணக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசக் கூடாது. அதைத் தவிர்க்காமல்தான் இவ்வூர்க்காரர்கள் வாழ்கிறார்கள். டீக்கடையில் என் எதிரே இருந்த இருவரில் ஒருவர் நெற்றியில் திருநீறு, இன்னொருவர் கழுத்தில் சிலுவை. நேற்று ஓட்டத்துக்கு வந்த வண்டிகளை நிறுத்த யார் யார் தோட்டத்தில் இடம் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு இன்னும் எங்கே இடம் தேடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் சிதறால் மலை. 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், பிற்பாடு பகவதி கோயில். உச்சியில் நல்ல காற்று. நாகர்கோவிலுக்குப் பெயர் தந்த நாகராஜர் கோயிலிலும் பார்சுவநாதரும் மகாவீரரும் தூண்களில் இருக்கிறார்கள். குமரியில் சமணம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும், வழிபட வந்தவர்கள் அந்த உருவங்களைச் செதுக்கி எறிந்துவிடவில்லை.

வெள்ளி, தக்கலை

தோழியின் அம்மா காலையில் ஆப்பமும் கடலைக் கறியும் செய்து வைத்துவிட்டு, "அப்பாவைப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போ, மக்களே" என்றார். அப்பா என்றால் பீர்முகம்மது அப்பா. தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்து அடங்கிய ஞானி. நெசவு செய்து பிழைத்தவர். தமிழில் பாடியவர். ரஜப் மாதம் 14ஆம் இரவு அவருடைய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியக் கூடியிருந்து பாடுவது இங்கே வழக்கம். தர்காவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஓதி ஊதச் சொல்லிக் காத்திருந்தார். நெற்றியில் பொட்டு, தலையில் தோவாளைப் பிச்சிப்பூ. இங்கே இது அன்றாடக் காட்சி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தோழியின் அம்மா சொன்ன ஒன்றை எழுதிவைக்க வேண்டும். அவர் மணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது அடுத்த வீட்டில் ஒரு நாயர் அம்மா. முதல் பிரசவத்துக்கு மருந்து இடித்துக் கொடுத்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் அவர்தான். அந்த அம்மா இறந்தபோது மகன்கள் வெளிநாட்டிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆகியிருக்கிறது. ஜமாஅத்திலிருந்து ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்து, பந்தல் போட்டு, வந்தவர்களுக்குத் தெருவே சோறு போட்டிருக்கிறது. "அவர் விளக்கு வைக்கிற நேரம் எனக்கு மஃரிப் தொழுகை. நான் தொழுது முடிக்கும் வரை வாசலில் என் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பார். என் தொழுகைமேல் என்னைவிட அவருக்குத்தான் அக்கறை" என்று சொல்லும்போது கண் கலங்கிவிட்டார்.

பிற்பகல் உதயகிரிக் கோட்டை. இடிந்த சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. பத்மநாபசுவாமிக்கு நாட்டையே ஒப்படைத்த மன்னருக்கும் அவருக்குப் பின் வந்தவருக்கும் ஒரு கத்தோலிக்கர் 1777இல் தாம் இறக்கும் வரை படை நடத்தினார். அவர் வழிபட மன்னரின் கோட்டைக்குள்ளேயே ஆலயம் இருந்தது. தேவசகாயத்தைக் கொன்றதும் அதே அரசுதான். இரண்டையும் ஒன்றாக மனத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கே இருந்தேன். அரசருக்குத் தேவைப்பட்டவருக்குக் கிடைத்த சலுகை, சாதியின் அடித்தளத்தைத் தொட்டவருக்குக் கிடைக்கவில்லை. மத வேறுபாட்டைவிடச் சாதிதான் இந்த மாவட்டத்தின் ஆழமான பிளவு என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்மநாபபுரம் அரண்மனையை வேகமாகச் சுற்றிவந்தேன். நவராத்திரிக்கு இங்கிருந்து சரசுவதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் பயணம் நிற்கவில்லை. இரு மாநிலப் போலீசாரும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். எல்லைப் போராட்டத்தில் உயிர்கள் போன மண்ணில் இரு மாநிலமும் ஆண்டுதோறும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய இந்தத் தெய்வங்கள் காரணமாக இருக்கின்றன.

சனி, தூத்தூரும் குளச்சலும்

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கேரள எல்லையிலிருந்து நெருக்கமாக எட்டு மீனவ ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். 2017 நவம்பர் 29 இரவும் 30ஆம் தேதியும் ஒக்கிப் புயல் அடித்தபோது இவ்வூர்களின் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தன. யார் யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்ற பட்டியலை வீடு வீடாகப் போய் முதலில் எழுதியவர்கள் பங்குத்தந்தையரும், அன்பியம் என்ற அக்கம்பக்க ஜெபக்குழுக்களின் பெண்களும். டிசம்பர் 7இல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் காணாமல் போனவர்களின் எண்ணிக்கையை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பட்டியல் எழுதிய பெண்களில் ஒருவரைச் சந்தித்தேன். பள்ளி நோட்டில் நீல மையால் எழுதியிருக்கிறார். பெயர், வயது, படகு, கடைசியாகப் பேசிய நாள். சில வரிகளின் எதிரே சரி என்ற குறி. பல வரிகளின் எதிரே ஒன்றுமில்லை. படகுகளில் இவ்வூர்க்காரர்கள் மட்டும் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களும் இருந்தார்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரையும் அதே நோட்டில் எழுதியிருக்கிறார். அவர்களுக்காகவும் பூசையில் வேண்டியிருக்கிறார்கள். "கடலில் போனவன் எங்கள் பிள்ளைதான். அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் எந்த ஊரில், எந்தச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தார்களோ" என்றார்.

அதே புயல் மலைப்பக்கம் ரப்பரையும் வாழையையும் அடியோடு சாய்த்தது. கடற்கரைக்காரருக்கும் மலையோர விவசாயிக்கும் சந்தையில் மீன் வாங்கும் உறவுக்கு மேல் அதிகம் இருந்ததில்லை. அப்போது பல ஊர்களில் தேவாலயக் கமிட்டிகளும் கோயில் கமிட்டிகளும் சேர்ந்து மரம் வெட்டிச் சாலை திறந்ததை ஆட்டோத் தம்பி நேரில் கண்டிருக்கிறார். மின்சாரம் வர நாளான ஊரில் ஜெனரேட்டரை முறைவைத்துக் குடிதண்ணீர்த் தொட்டி நிரப்பினார்களாம்.

குளச்சலுக்கு மாலையில் வந்தேன். 2004 டிசம்பர் 26, சுனாமி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. இந்த மூன்று பெயர்களைச் சொன்னால் போதும், இங்கே யாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். மணக்குடிப் பாலம் அன்று அடித்துச் செல்லப்பட்டது. குளச்சலில் குவியலாக அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பாட்டா சொன்னார்: "அன்று சவத்தைத் தூக்க ஆள் போதவில்லை. நாங்கள் பள்ளிவாசலிலிருந்து போனோம். யாருடைய பிள்ளை என்று பார்க்க முகமே இல்லை. மண் போடுவதற்கு முன் சாமியார் அவர் ஜெபத்தைச் சொன்னார், நாங்கள் எங்கள் துஆவை ஓதினோம். பிறகு கஞ்சி காய்ச்சுகிற அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனோம்."

அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பிறை தெரிந்த செய்தி வந்தது. நாளை முதல் நோன்பு. எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு, மண்டைக்காடு

பகவதி அம்மன் கோயிலில் இன்று கொடியேற்றம். பத்து நாள் கொடை. கருவறையில் புற்றே அம்மன், 15 அடி உயரம். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவதால் பெண்களின் சபரிமலை என்பார்கள். தலைவலி நீங்க மண்டையப்பம் நேர்ந்துகொள்கிறார்கள்: அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து உருட்டி வேகவைத்தது, கைக்கு அடங்காத பெரிய உருண்டை. கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கடல். கடலை ஒட்டி மீனவக் குடியிருப்பு, அங்கே தேவாலயம்.

1982 மார்ச் 1. இதே கொடை நாட்களில், இதே கடற்கரையில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு 6 பேர் இறந்தார்கள். கலவரம் மற்ற கடற்கரை ஊர்களுக்கும் பரவியது, வீடுகள் எரிந்தன. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. தலைமுறை கடந்தும் அந்தத் தழும்பு இருக்கிறது. இரு தரப்பிலும் அந்த நாளைச் சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்த்தவர்கள் உண்டு.

குன்றக்குடி அடிகளார் அப்போதுதான் இங்கே வந்தார். காவி உடுத்த சைவ மடத்தின் தலைவர் மீனவர்களின் குடியிருப்புகளுக்குள் போய், திண்ணையில் அமர்ந்து, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துப் பேசினார் என்று அப்பா சொல்வார். பிறகு மத நல்லிணக்கத்துக்கென்றே திருவருட்பேரவை கண்டு எல்லாச் சமயத்தாரையும் ஒரே மேடையில் அமர்த்தினார். அரசு அதிகாரி ஆணை போடலாம், போலீஸ் காவல் நிற்கலாம். எதிர்த்தரப்பின் துயரத்தைத் தம் ஆட்களிடம் எடுத்துச் சொல்ல, அவர்களுடைய பக்தியில் பங்குள்ளவர் வேண்டும். அடிகளாரின் திருநீறு இந்துக்களிடம் அவருக்கு உரிமை தந்தது. அவருடைய துறவு கிறிஸ்தவர்களிடம் மதிப்பைத் தந்தது. நம்பிக்கை பிளந்த ஊரை நம்பிக்கையுடையவர்தான் ஒட்டவைக்க முடிந்தது. அதற்கு மதத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச்சொன்னால் போதும் என்கிறவர்களோடு நான் உடன்படவில்லை.

இன்று கடற்கரையில் என்ன பார்த்தேன் என்றால், ஏற்பாடு. குளிக்கப் போகும் பெண்களுக்குத் தனிப் பாதை, வள்ளங்கள் நிற்க வேறு பக்கம். அலை இழுக்கும் இடத்தில் கயிறு கட்டி மீனவ இளைஞர்கள் காவல் நின்றார்கள். இருமுடியோடு வந்த ஒரு சேச்சி ஆழம் தெரியாமல் இறங்கியபோது அவர்களில் ஒருவன் கையைப் பிடிக்காமல், கையிலிருந்த கயிற்றின் முனையை நீட்டி, "அம்மா, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கரையேற்றினான். விரதம் இருக்கிறவரைத் தொடக் கூடாது என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். அவனுடைய கழுத்தில் ஜெபமாலை இருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் கொடைக்கு முன்பு எல்லாத் தரப்பாரும் அதிகாரிகளோடு அமர்ந்து பேசிவிடுகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். ஊர்வலம் எந்த வழி, ஒலிபெருக்கி எத்தனை மணி வரை, வண்டி எங்கே, ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களுக்கு வழி எது. சலிப்பூட்டும் பேச்சுதான். ஆனால் இந்தச் சலிப்பூட்டும் பேச்சு நடக்காத ஊரில் என்ன ஆகும் என்பது இவர்களுக்குத் தெரியும்.

மாலையில் தக்கலைக்குத் திரும்பினேன். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை. தூக்குவாளியோடு நின்ற பிள்ளைகளில் பாதிப்பேர் நோன்பு வைக்கிற வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

திங்கள், நெய்யூர்

வெயில் கடுமை. நெய்யூர் மருத்துவமனை வாசல் வரைதான் போக முடிந்தது. 1838இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சி இது. 1922 எவரெஸ்ட் முயற்சியில் பங்கேற்ற அறுவை மருத்துவர் சாமர்வெல், ஊர் திரும்புமுன் இந்தப் பக்கம் வந்தார். காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து மனம் மாறி, லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே பல ஆண்டுகள் பணி செய்தார். எந்தச் சாதியாரும் ஒரே வார்டில் படுக்க வேண்டிய இடம் அக்காலத் திருவிதாங்கூரில் மிகக் குறைவு.

செவ்வாய், சாமிதோப்பு

மாசி 20. அய்யா வைகுண்டர் அவதார தினம், மாவட்டத்துக்கே விடுமுறை. விடியற்காலையில் நாகர்கோவிலிலிருந்து அய்யாவழியின் வேதநூலான அகிலத்திரட்டைச் சுமந்துகொண்டு ஊர்வலம் புறப்பட்டது. கையில் அன்புக்கொடி, நெற்றியில் வெண்ணாமம், ஆண்கள் தலையில் தலைப்பாகை. கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம் வழியாக நடந்தோம். வழியில் ஒரு கடை வாசலில் தொப்பி அணிந்த இரண்டு இளைஞர்கள் நடப்பவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உதடு காய்ந்திருந்தது. நோன்பு.

அய்யா 1809இல் பிறந்தவர். தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னவர். கருவறையான பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. முத்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கவைத்தார். தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்றிருந்த காலத்தில் ஒரு கிணற்றை எல்லாருக்கும் பொதுவாக்குவது என்ன செயல் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுசீந்திரம் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12இல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1851இலேயே மறைந்துவிட்ட அய்யா அதற்கெல்லாம் முன்பே பந்தியையும் கிணற்றையும் பொதுவாக்கிவிட்டார். தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தருமம் என்பது அவர் போதனை. அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தும் அந்தப் பந்தி கலையவில்லை.

கிணற்றடியில் வாளி கைமாறிக்கொண்டே இருந்தது. எனக்குத் தண்ணீர் ஊற்றியவர் அடுத்து நின்றவரிடம் வாளியைக் கொடுத்தார், அவர் அடுத்தவருக்கு ஊற்றினார். தனக்குத் தானே யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை.

அன்னதருமப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்தவர் கோட்டாற்றிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண். பக்கத்து வீட்டு அய்யாவழிக்காரர்களோடு ஆண்டுதோறும் வருவாராம். நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது, அதனால் இன்று வயிறாரச் சாப்பிடுவேன் என்று சிரித்தார். டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்கு அந்த வீட்டார் இவர் வீட்டுக்கு வருவார்கள். தேர் வரும் மூன்று இரவும் சமையல் அவர்கள் பொறுப்பு, ஏனென்றால் இவர் தேருக்குப் பின்னால் கும்பிட்டு வருவதாக நேர்ந்திருக்கிறார்.

"உங்கள் நேர்ச்சைக்கு அவர்கள் சமைப்பது அவர்களுக்குச் சம்மதமா?" என்றேன்.

"நான் ஒரு வருடம் முடியவில்லை என்று விட்டுவிடப் பார்த்தேன். விடக் கூடாது என்று சண்டை போட்டவர்களே அவர்கள்தான்" என்றார்.

எந்த இரவில் எந்தத் தேர், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும், எத்தனை மணிக்கு வந்தால் சோறு சூடாக இருக்கும் என்று அவரே விவரமாகச் சொல்லி, என் நோட்டை வாங்கி வீட்டுக்கு வழியும் வரைந்து கொடுத்தார். டிசம்பர் முதல் வாரத்துக்கு நாகர்கோவில் ரயிலில் முன்பதிவு தொடங்கியதுமே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். அந்த நாட்களில் இடம் கிடைக்காது என்கிறார்கள்.